மெத்தையை இடிப்பதா, தட்டிப் போடுவதா?

வேலூரைப் பற்றி ஊரே சொல்லிச் சிரிக்கும் கேலி ஒன்று உண்டு: மரமில்லாத மலை, தண்ணீரில்லாத ஆறு, தெய்வமில்லாத கோயில், ராஜா இல்லாத கோட்டை. இதில் கோயில் கணக்கு 1981-ல் நேராகிவிட்டது. ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பிவிட்டார். பாலாறும் 2021 நவம்பரில் கரை புரண்டு தன் பதிலைச் சொல்லிவிட்டது. மலை மட்டும் அப்படியே இருக்கிறது. பகலெல்லாம் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, நாம் படுக்கப் போகும் நேரத்தில் சூட்டை ஊருக்குள் விடுகிறது.

வீட்டைப் பழுது பார்க்க இறங்குகிறவர்கள் முதலில் போவது டைல்ஸ் கடைக்கு. நாங்களும் போனோம். ஆனால் இந்த ஊரில் வீட்டுக்கு எதிரி இரண்டு பேர்தான்: மேலே வெயில், கீழே உப்புத் தண்ணீர். இந்த இரண்டுக்கும் பதில் சொன்ன பிறகு மிச்சமிருக்கும் காசில்தான் டைல்ஸ். இதைப் புரிந்துகொள்ள எங்களுக்கு நான்கு மாதம் பிடித்தது.

எங்கள் வீடு வேலப்பாடியில். முன் பாதி தாத்தா கட்டிய மெத்தை வீடு, அதாவது மர உத்திரத்தின் மேல் சுண்ணாம்புத் தளம் போட்டது, சுமார் 480 சதுர அடி. பின் பாதி அப்பா எண்பதுகளில் சேர்த்த காங்கிரீட் கட்டடம், அதன் மேல் மாடியில் ஒரு போர்ஷன். அந்த மாடியை ஆஸ்பத்திரிக்கு வரும் வெளிமாநிலத்துக்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். இரண்டு மழைக்காலமாக முன் கூடத்தில் ஒழுகல். முதல் வருஷம் ஒரு குண்டான் வைத்தோம், அடுத்த வருஷம் மூன்று. பெங்களூரிலிருந்து அண்ணன் போனில் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "இடிச்சிட்டு ஸ்லாப் போட்டுடு."

சரி, இடிப்பதற்கு முன் இருப்பது என்ன என்று பார்ப்போம்.

மெத்தை என்று நம் பக்கம் சொல்வதை இன்ஜினியர்கள் மெட்ராஸ் டெரஸ் என்பார்கள். சுவருக்குச் சுவர் தேக்கு உத்திரங்கள். அவற்றின் மேல் அச்சுக்கல் என்கிற சின்னச் செங்கல், படுக்காமல் விளிம்பில் நின்றபடி, மூலைவாட்டில் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கியிருக்கும். அதன் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்த தளம், மூன்று அங்குலம் போல. எல்லாவற்றுக்கும் மேலே தட்டோடு என்கிற தட்டையான சுட்ட ஓடு. மொத்தம் ஏழு அங்குலத்துக்குக் குறையாத கனம், அத்தனையும் சுட்ட மண்ணும் சுண்ணாம்பும். காங்கிரீட் வழியாகச் சூடு இறங்கும் வேகத்தில் ஏறத்தாழ பாதிதான் செங்கல் சுண்ணாம்பு வழியாக இறங்கும். கத்திரி வெயிலில் மதியம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டின் முன் கூடத்திலிருந்து பின் அறைக்குப் போனால் இந்தக் கணக்கை உடம்பே சொல்லிவிடும்.

முதலில் பார்க்க வந்த காண்டிராக்டர் மேலே ஏறவே இல்லை. கூடத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, உத்திரங்களை எண்ணினார். பதினேழு. "இது தாங்காது சார், இடிக்கிற கூலி எங்களுது, மரம் எங்களுக்கு" என்றார். ரொம்ப நியாயமான ஆள் என்று அன்றைக்கு நினைத்தேன். அப்புறம்தான் பழைய தேக்கு கன அடி என்ன விலைக்குப் போகிறது என்று ஒரு மரக்கடையில் விசாரித்தேன். கூலி கொடுத்து இடித்திருந்தாலும் மரத்தை விற்ற காசில் ஸ்லாப் செலவில் நல்ல ஒரு பகுதி கழிந்திருக்கும். இடிப்பதாகவே முடிவு செய்தாலும் மரத்துக்குத் தனி விலை பேசாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டாவதாக வந்தவர் அரியூர் பக்கத்து மேஸ்திரி. அறுபது வயதிருக்கும். சட்டைப் பையிலிருந்து நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றை எடுத்து, ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு உத்திரத்தையும் சுவருக்குள் நுழையும் இடத்தில் குத்திப் பார்த்தார். நடுவில் குத்தவே இல்லை. நான் கேட்டதற்கு, "நடுவுல இன்னா பாக்கறது? மரம் சாவறது தலமாட்டுலதான்" என்றார். சுவருக்குள் இருக்கும் முனைக்குக் காற்றுப் படாது. மேலே ஒழுகிய தண்ணீர் சுவர் வழியாக அங்கே போய்த்தான் தேங்கும். பதினைந்து உத்திரத்தில் ஸ்குரூ டிரைவர் கால் அங்குலம்கூட இறங்கவில்லை. தெருப் பக்கம் இரண்டில் மட்டும் கைப்பிடி வரை போனது; வெளியே இழுத்தபோது காபித்தூள் மாதிரி கொட்டியது.

ஆக, கேள்வி மாறிவிட்டது. மெத்தை தாங்குமா என்பதல்ல. இரண்டு உத்திரத்துக்காகப் பதினைந்தை இழப்பதா என்பது. எங்கள் முன் நான்கு வழி இருந்தது.

முதலாவது அண்ணன் சொன்ன ஸ்லாப். அதன் பக்கம் இருக்கும் நியாயத்தையும் சொல்ல வேண்டும். கரையான் பயம் போய்விடும், வேலை தெரிந்த ஆள் எங்கும் கிடைப்பான், பேங்க்காரனுக்கும் காங்கிரீட் கட்டடம் என்றால் முகம் மலரும். அண்ணனின் நிஜமான ஆசை அதுவல்ல. பிற்பாடு மேலே ஒரு மாடி எழுப்பலாம் என்பது. அந்த இடத்தில்தான் கணக்கு உதைத்தது. 480 சதுர அடிக்கு ஐந்து அங்குல ஸ்லாப் என்றால் ஏறக்குறைய 200 கன அடி காங்கிரீட், எடை 14 டன். இருக்கும் மெத்தையின் எடையும் கிட்டத்தட்ட அதே அளவுதான், எனவே ஸ்லாப் மட்டும் என்றால் சுவர் தாங்கும். ஆனால் எங்கள் சுவர் பதினெட்டு அங்குலக் கனத்தில் செங்கல்லை மண் சாந்தில் வைத்துக் கட்டியது. அதன் மேல் இன்னொரு மாடியை ஏற்ற எந்த இன்ஜினியரும் கையெழுத்துப் போட மாட்டார். மாடி வேண்டுமானால் அஸ்திவாரத்திலிருந்து பில்லர் எழுப்ப வேண்டும். அது பழுது பார்ப்பது இல்லை, புது வீடு. மாடி இல்லை என்றால் இருப்பதை இடித்து அதே எடையில் இன்னும் சூடான ஒன்றைப் போடுவதற்கு ஏன் செலவு?

இன்னும் இரண்டு சங்கடம். எங்கள் தெருவில் பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் ஒரே பொதுச் சுவர். உத்திரத்தை உருவும்போது அவர்கள் பக்கம் பூச்சு உதிர்ந்தால் அந்த வீட்டுப் பாட்டியிடம் யார் பேசுவது? இன்னொன்று தண்ணீர். எங்கள் போர் தண்ணீரில் மொத்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டரை விட்டால் ஆயிரத்தைத் தாண்டிக் காட்டும். காங்கிரீட்டில் கம்பி இருந்தால் கலக்கும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது. கம்பி இல்லாத காங்கிரீட்டுக்கு 2000 வரை விடுவார்கள். உப்பு, கம்பியைத் தின்னும். துரு ஊதிப் பெருத்து காங்கிரீட்டை உள்ளிருந்து பிளக்கும். பின் பாதியில் அப்பா போட்ட ஸ்லாபின் அடியில் ஒரு இடத்தில் கம்பி வெளியே பல்லிளித்துக்கொண்டிருப்பதற்குக் காரணம் அன்றைக்குக் கிணற்றுத் தண்ணீரில் கலக்கியதுதான் என்று மேஸ்திரி சத்தியம் செய்கிறார். நான் அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். கவர், அதாவது கம்பியை மூடும் காங்கிரீட் கனம், போதாமலும் இருக்கலாம். எதுவானாலும், இங்கே ஸ்லாப் போடுகிறவர்கள் கலக்குவதற்கு லாரித் தண்ணீரோ காவிரித் தண்ணீரோ பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். போர் தண்ணீரானால் பரிசோதித்துவிட்டு ஊற்றுங்கள்.

இரண்டாவது வழி, மேலே வாட்டர் ப்ரூஃப் கோட்டிங். மூன்றே நாளில் வேலை முடிந்துவிடும் என்பதால் எல்லோருக்கும் ஆசை. காங்கிரீட் மேல் இது சரிதான். சுண்ணாம்புத் தளத்தின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லை. சுண்ணாம்பு மூச்சு விடும் சரக்கு. மழையில் கொஞ்சம் ஈரம் குடிக்கும், வெயிலில் விட்டுவிடும். அதன் மேல் பிளாஸ்டிக் தோல் ஒன்றைப் போர்த்தினால் உள்ளே தங்கிய ஈரம் மேலே வர வழியில்லாமல், ஒன்று தோலைக் கொப்புளமாகத் தூக்கும், இல்லை கீழே உத்திரத்தை நோக்கி இறங்கும். எதிர் வீட்டில் போட்டார்கள். அடுத்த கோடையில் அப்பளம் பொரிந்த மாதிரி எழும்பிவிட்டது. சிமெண்ட் பால் ஊற்றுவதும் இதே ரகம்தான். சிமெண்ட் இறுகிய பொருள், கீழே இருக்கும் சுண்ணாம்பு நெகிழ்வானது. ஒரு வெயில், ஒரு மழை, அவ்வளவுதான், முடி இழை மாதிரி விரிசல் ஓடும்.

மூன்றாவது, மேலே இரும்பு பைப் நட்டு ஷீட் கூரை போடுவது. சத்துவாச்சாரி, காட்பாடி காந்தி நகர் பக்கம் போனால் வீட்டுக்கு வீடு இதுதான். இதைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. நான் செய்ய மாட்டேன். வெயில் தளத்தைத் தொடவே தொடாது என்பதை விடப் பெரிய சூட்டுத் தடுப்பு என்ன இருக்கிறது? துணி காயும், கல்யாணம் காட்சி என்றால் பந்தி போடலாம். ஆனால் ஷீட்டுக்கும் தளத்துக்கும் நடுவே ஆள் நிமிர்ந்து நடக்கிற அளவுக்காவது உயரம் விட்டு, பக்கங்களைத் திறந்தே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஷீட்டே அடுப்பு. மழை பெய்தால் டிவி கேட்காது. எங்களுக்கு இது ஒத்துவராததற்குக் காரணம் வேறு: பைப் தூண்களை எங்கே ஊன்றுவது? மெத்தை நடுவில் ஊன்ற முடியாது, மண் சாந்துச் சுவரின் தலையில் காற்றின் இழுப்பைக் கொடுக்கவும் பயம்.

நான்காவது வழியைத்தான் எடுத்தோம். இரண்டு உத்திரத்தை மாற்றிவிட்டு, மேலே பழைய ஜல்லித் தளத்தை மட்டும் கொத்தி எடுத்து, மறுபடியும் சுண்ணாம்பிலேயே போடுவது. கெட்ட உத்திரத்துக்குப் பதில் தேக்கு வாங்க வசதியில்லை. இரும்பு கர்டர் இரண்டு, துரு பிடிக்காமல் பிரைமர் அடித்து ஏற்றினோம். கூடத்தில் உட்கார்ந்தால் பதினைந்து மரத்துக்கு நடுவே இரண்டு இரும்பு தெரியும். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. பிரவுன் பெயின்ட் அடித்ததும் கொஞ்சம் சமாதானம்.

இந்த வேலையில் சரக்கு மலிவு, ஆள்தான் கஷ்டம். இரண்டரைப் பங்கு செங்கல் ஜல்லிக்கு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு. ஜல்லி என்றால் நன்றாக வெந்த செங்கல்லை உடைத்தது. வேகாத கல்லைக் கலந்தால் தண்ணீரில் கரைந்து சேறாகும். ஒரு துண்டை எடுத்து இன்னொன்றால் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும், அதுதான் பரீட்சை. சுண்ணாம்பை நாட்கணக்கில் ஊறவிட வேண்டும். கடுக்காயை நசுக்கித் தனித் தொட்டியில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரில் வெல்லம் கரைத்து வைத்தார்கள். தெருவே ஒரு மாதிரி துவர்ப்பும் இனிப்புமாக வாசனை. ஈ தாங்க முடியவில்லை.

கலவையைக் கொட்டிப் பரப்பிய பிறகு ஆறு பெண்கள் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கைப்பிடி வைத்த மரக்கட்டையால் தட்ட ஆரம்பித்தார்கள். கடுக்காய்த் தண்ணீரைத் தெளிப்பது, தட்டுவது, ஒரு முழம் நகர்வது. முதல் நாள் சத்தம் சொத் சொத்தென்று கேட்டது. மூன்றாம் நாள் டொக் டொக். ஐந்தாம் நாள் கட்டை தளத்தில் பட்டுத் துள்ளியது. "இப்ப போதும் சார், கட்ட எகிறுது பாரு" என்றார் மேஸ்திரி. கட்டை துள்ளும் வரை தட்டுவது என்பது தாத்தா காலத்துப் பேச்சு மட்டுமல்ல, பொதுப்பணித் துறைக்காரர்களிடம் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அவசரப்பட்டு இரண்டு நாளில் நிறுத்தினால் தளத்துக்குள் பொத்தல் பொத்தலாகக் காற்று நிற்கும். அடுத்த ஐப்பசியில் அந்த இடமெல்லாம் தண்ணீர். பத்து அடிக்கு இரண்டு அங்குலம் வாட்டம் வைத்து, மேலே தட்டோடு பதித்து, இணைப்புகளை வாட்டர் ப்ரூஃப் பவுடர் கலந்த சாந்தால் அடைத்தோம். எல்லாம் சேர்த்து ஸ்லாபுக்கு வந்த கணக்கில் பாதிக்குச் சற்றுக் குறைவு. நேரம் மட்டும் அதிகம்: கொத்துவதில் தொடங்கி ஓடு பதிப்பது வரை ஆறு வாரம்.

எல்லோரும் இதையே செய்யுங்கள் என்று சொல்ல மாட்டேன். உத்திரத்தில் மூன்றில் ஒன்று கெட்டிருந்தாலோ, தட்டத் தெரிந்த ஆள் கிடைக்காவிட்டாலோ ஸ்லாபே நல்லது. அரைகுறையாகத் தட்டிய மெத்தை, ஒழுகும் பழைய மெத்தையை விட மோசம்.

பின் பாதிக் காங்கிரீட் மாடிக்கு வேறு கணக்கு. அங்கே ஒழுகல் இல்லை, சூடுதான். மே மாதம் மாடியில் தங்கிய, மேற்கு வங்காளத்து மால்டாவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துத் தாத்தா, ராத்திரி பாயை எடுத்துக்கொண்டு எங்கள் முன் கூடத்துக்கு வந்துவிட்டார். அதற்கு மூன்று யோசனை வந்தது: சுண்ணாம்பு ஜல்லி போட்டு ஓடு பதிப்பது, வெள்ளைக் கூலிங் டைல்ஸ், வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட்.

ஜல்லி தளம் மூன்று அங்குலம் போட்டால் சதுர அடிக்குப் பன்னிரண்டு பதின்மூன்று கிலோ ஏறும். கம்பி வெளியே தெரியும் பழைய ஸ்லாப் மேல் அதை ஏற்ற எனக்குத் தைரியம் வரவில்லை. மிச்சமிருந்த இரண்டுமே வெயிலை உள்ளே வாங்குவதில்லை, திருப்பி அனுப்புகின்றன. வெள்ளையாக இருக்கும் வரைதான் அவற்றுக்கு வேலை. பெயின்ட் மலிவு, ஒரே நாளில் இரண்டு கோட் அடித்துவிடலாம். ஆனால் நம் ஊர்ப் புழுதிக்கு ஒரு வருஷத்தில் சாம்பல் நிறமாகும், இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி அடிக்க வேண்டும். கூலிங் டைல்ஸுக்கு முதல் செலவு பல மடங்கு. விளக்குமாறும் ஒரு பக்கெட் தண்ணீரும் இருந்தால் பழைய வெள்ளை திரும்பிவிடும். அதன் உயிர் இணைப்பில்தான் இருக்கிறது. கிரௌட் சரியாக அடைக்காவிட்டால் தண்ணீர் டைல்ஸுக்கு அடியில் போய்த் தங்கும், எங்கே இறங்குகிறது என்று கடைசி வரை தெரியாது.

நாங்கள் பெயின்ட் அடித்தோம். காரணம் சிக்கனம் மட்டுமல்ல. முதலில் கம்பி தெரியும் இடத்தைத் துருவைச் சுரண்டி, ரசாயனம் பூசி, ஒட்டுப் போட்டிருக்கிறோம். இரண்டு வருஷம் அது எப்படி நிற்கிறது என்று பார்க்காமல் மேலே டைல்ஸ் ஒட்டி மூடுவது முட்டாள்தனம். வடாம் காயப்போட இடம் போச்சு என்று அம்மா ஒரு வாரம் பேசவில்லை. வெள்ளைத் தளம் கண்ணைக் கூசுகிறதாம்.

இனி கீழே இருக்கும் எதிரி. முன் கூடத்துச் சுவரில் இடுப்பு உயரம் வரை ஓதம். உப்புப் பூத்து, பெயின்ட் தோல் தோலாக உரியும். பத்து வருஷத்துக்கு முன் அப்பா அதற்குச் சிமெண்ட் பூச்சு அடித்தார். ஓதம் போகவில்லை, ஒரு முழம் மேலே ஏறிவிட்டது. ஈரம் வெளியேற வழி அடைபட்டால் இன்னும் உயரத்துக்குப் போய் வழி தேடும், வேறென்ன செய்யும்? இப்போது சிமெண்டை நான்கு அடி வரை கொத்தி எடுத்துவிட்டுச் சுண்ணாம்புச் சாந்தே பூசினோம். ஜிப்சம் பிளாஸ்டர் என்று ஒருவர் ஆசை காட்டினார். கண்ணாடி மாதிரி வழவழப்பு, தண்ணீர் ஊற்றிக் காயவைக்கும் வேலையும் இல்லை. மாடி உள் சுவருக்கு அது நல்ல சரக்கு. ஓதம் உள்ள சுவருக்கும் குளியலறைக்கும் ஆகவே ஆகாது, ஊறி உதிர்ந்துவிடும். மணல் விஷயத்தில் தேர்வே இல்லை. பாலாற்று மணல் காலம் முடிந்தது. கட்டுக்குக் கல்லை உடைத்துச் செய்த எம்-சாண்ட், பூச்சுக்கு அதை விடப் பொடியான பி-சாண்ட். ஒரு கண்ணாடி பாட்டிலில் மணலையும் தண்ணீரையும் போட்டுக் குலுக்கி வையுங்கள். தெளிந்த பிறகு மேலே மாவு மாதிரி தடியாகப் படிந்தால் அது கழுவாத கிரஷர் டஸ்ட், திருப்பி அனுப்பிவிடுங்கள்.

குழாயைப் பற்றி யோசிக்கவே தேவையில்லாமல் போனது. பிளம்பர் பழைய ஜிஐ இரும்புப் பைப்பில் ஒரு சாண் வெட்டிக் கையில் கொடுத்தார். வெளியே முக்கால் அங்குலப் பைப். உள்ளே சுற்றிலும் பழுப்பும் வெள்ளையுமாக உப்பு இறுகி, நடுவில் பென்சில் நுழைகிற ஓட்டைதான் மிச்சம். அதை இன்னும் வைத்திருக்கிறேன், மேசையில் பேப்பர் வெயிட்டாக. குளிர்ந்த தண்ணீர் மட்டும் போகும் இடத்தில் யுபிவிசி பிளாஸ்டிக் குழாய், கீஸர் வரும் இடத்தில் சூடு தாங்கும் சிபிவிசி என்று பிரித்துப் போட்டோம். இதை மாற்றிப் போட்டுவிடாதீர்கள். யுபிவிசி சூட்டில் வளைந்துவிடும். சோலார் ஹீட்டர் வைக்க நினைப்பவர்கள் செப்புக் குழாய் வைத்த தட்டை ரகத்தை இந்த ஊர்த் தண்ணீருக்கு வாங்க வேண்டாம், உப்பு அடைத்துக்கொள்ளும். கண்ணாடிக் குழல் ரகம் என்றால் கழற்றித் துலக்கலாம்.

தரை. இதற்குத்தான் எல்லோரும் முதலில் ஓடுகிறோம், எனக்கோ சொல்வதற்கு இதில்தான் குறைவு. கூடத்தில் தாத்தா போட்ட சிவப்புக் காவித் தரை இருக்கிறது. நான்கு இடத்தில் விரிசல். அதன் மேலேயே அட்ஹெசிவ் வைத்து விட்ரிஃபைட் டைல்ஸ் ஒட்டலாம் என்றார்கள். ஒட்டலாம், ஆனால் தரை முக்கால் அங்குலம் உயரும், ஐந்து தேக்குக் கதவின் அடியைச் சீவ வேண்டும், வாசற்படி கால் தட்டும் உயரத்துக்கு வந்துவிடும். அம்மாவுக்கு எழுபத்து நான்கு வயது. விரிசலை மட்டும் அடைத்து, மெருகு போட்டு அப்படியே விட்டோம். விரிசல் தெரிகிறது. காலுக்குக் குளிர்ச்சியும் தெரிகிறது.

மாடியில் மட்டும் டைல்ஸ். வருகிறவர்கள் அவர்களே சமைத்துக்கொள்கிறவர்கள். கடுகெண்ணெயும் மஞ்சளும் தரையில் சிந்தும். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீர் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கும் கீழே, எனவே டைல்ஸில் கறை நிற்காது. நிற்பது இணைப்பில். அதனால் டைல்ஸில் ஒரு படி மலிவாக இறங்கி, அந்தக் காசில் எப்பாக்ஸி கிரௌட் போட்டோம். பளபளப்பு வேண்டாம் என்று மேட் ரகம். ஆபரேஷன் முடிந்து தடுமாறி நடப்பவர்கள் இருக்கும் இடம். குளியலறைக்குச் சொரசொரப்பான ஆன்ட்டி ஸ்கிட். சமையல் மேடைக்குக் கறுப்பு கிரானைட், அதில் யாருக்கும் இரண்டாவது கருத்து இல்லை. கடப்பாக் கல் பாதி விலைதான், ஆனால் எலுமிச்சைச் சாறு பட்டால் வெளுத்துவிடும்.

டைல்ஸில் ஒரு ஏமாற்றமும் நடந்தது. எட்டுப் பெட்டி குறைந்து இரண்டாம் முறை வாங்கப் போனபோது கடையில் அதே பெயர், அதே நம்பர் என்று கொடுத்தார்கள். ஒட்டிய பிறகுதான் தெரிந்தது, ஒரு நூல் மஞ்சள் ஏறிய வேறு பேட்ச். கடைக்காரர் "பெட்டியைப் பிரிச்சாச்சு, எடுக்க மாட்டோம்" என்றுவிட்டார். கட்டிலுக்கு அடியில் வருகிற மாதிரி சமாளித்தோம். பெட்டியின் பக்கவாட்டில் பேட்ச் எண்ணும் ஷேட் எண்ணும் இருக்கும். முதலிலேயே நூற்றுக்குப் பத்துக் கூடுதலாக வாங்கிப் பரணில் போட்டுவிடுங்கள்.

ஜன்னல்: கீழ் வீட்டில் பழைய தேக்கு அப்படியே, மாடிக்கு யுபிவிசி. அலுமினியம் சூடேறும், புழுதி நுழையும். அவ்வளவுதான் யோசித்தோம்.

ஐப்பசி மழை முடிந்துவிட்டது. கூடத்தில் குண்டான் வைக்கவில்லை. ஆனால் தெருப் பக்க மூலையில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஈரத் திட்டு. மேஸ்திரி வந்து மேலே ஏறிப் பார்த்தார். தளம் சரியாகவே இருக்கிறது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் இடத்தில், வளைத்துப் பூச வேண்டிய மூலையை அந்த மூன்றடிக்கு மட்டும் நேராக விட்டுவிட்டார்கள். தண்ணீர் வழுக்கிப் போகாமல் அந்த மடிப்பில் நிற்கிறது. "என் தப்புதான் சார், வியாயக்கெயம வந்து போட்டுத் தரேன்" என்றார். எந்த வியாழக்கிழமை என்று நான் கேட்காமல் விட்டுவிட்டேன்.